யானையின் அடியில் இரண்டு கோடு

மார்ச் 4
முழங்கால் வலி. என் மனைவியின் தம்பி வந்திருந்தான். அலமாரியில் உள்ள கண்ணாடி விலங்குகளைச் செய்தது யார் என்று கண்டுபிடித்தே தீர வேண்டுமாம். மொத்தம் ஒன்பது. இருபது வருடமாகப் பழைய சாமான் கடைகளில் அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை.

"பேர் தெரிஞ்சா அதோட மதிப்பே வேற மாமா."

"பேர் தெரியலேன்னா யானை இறங்கிப் போயிடுமாக்கும்," என்றாள் அவள்.

மார்ச் 7
நூலகத்தில் ஒரு படப் புத்தகம். பெயர்பெற்ற ஒரு கண்ணாடிக் கலைஞரின் பொம்மைகள் நம்முடையவை போலவே இருக்கின்றன. அடியில் கையெழுத்திடுவாராம். தம்பி கேட்டான் என்று புத்தகத்தில் இருந்த அந்தக் கையெழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெற்றாலும் கரும்பலகைக் கை இன்னும் மறக்கவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 8
யானையையும் கரடியையும் "விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட" காட்ட எடுத்துப் போனான்.

மார்ச் 10
மீதி ஏழையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இடது முன்காலில் இரண்டு கிள்ளல். மீனுக்குக்கூட இடது துடுப்பில். கண்ணாடி இளகியிருக்கும்போது இடுக்கியால் கிள்ளியது. பெயர் எழுத மறந்த விடைத்தாளை வைத்தே இது எந்தப் பிள்ளை என்று சொல்வேனே, அது மாதிரி. ஒரே கைதான். ஆனால் புத்தகத்தில் எந்தப் பொம்மைக்கும் இந்தக் கிள்ளல் இல்லை. செய்தது வேறு யாரோ. தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். "பாக்கலாம் மாமா."

மார்ச் 15
இரண்டையும் கொண்டுவந்தான். அடியில் அந்தக் கலைஞரின் கையெழுத்து!

"அழுக்குக்குள்ள மறைஞ்சிருந்துச்சு மாமா." ஞாயிறன்று வாங்க ஆள் வருகிறதாம், பொம்மை சேர்க்கும் ஒரு நர்சம்மா. "வாத்தியார் பாத்து உறுதி பண்ணாருன்னு சொல்லிட்டேன்."

என்னைக் கேட்காமலா?

மார்ச் 16
பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். இரண்டுக்கும் இடது முன்காலில் அதே கிள்ளல். வருடக்கணக்கில் நகர்த்தி நகர்த்தி அடிப்பாகத்தில் விழுந்த கீறல்களை வெட்டிக்கொண்டு போகிறது கையெழுத்து. விரலால் தடவினால் வெள்ளைத் தூள். நேற்றுக் கீறியது போல.

அதுகூடப் பரவாயில்லை. பெயருக்குக் கீழே இரண்டு கோடு. புத்தகத்தில் ஏது கோடு? தலைப்பு எழுதினால் கீழே இரண்டு கோடு போடுவது யார் வழக்கம்? முப்பத்து நாலு வருடம் போட்ட கை, அந்தத் தாளிலும் போட்டிருக்கிறது. அவன் அதை அப்படியே பார்த்துக் கீறியிருக்கிறான்.

சீ. யாரோ ஒருவன் நெருப்புக்கு முன்னால் நின்று செய்ததன் அடியில் என் எழுத்து.

மார்ச் 17
கையை மூன்று தடவை கழுவினேன்.

மார்ச் 19
நர்சம்மா யானையைப் பச்சைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டார். "நீங்க சொன்னா போதும் சார்."

"அவர் செஞ்சது இல்லம்மா. அந்தப் பேரு என் கையெழுத்து," என்றேன். தாளையும் கோட்டையும் பற்றிச் சொன்னேன். அவர் யானையை மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டீங்க மாமா!" என்று குதித்தான் தம்பி.

அவன் அக்கா கரடியைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எதால கீறின? ஆணியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 2
தேய்த்தால் கையெழுத்து போகும், அடிப்பாகமும் சேர்ந்து போகும் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். வேண்டாம் என்றுவிட்டேன். ஒன்பதும் அலமாரியில் இருக்கின்றன. "செய்தவர் தெரியவில்லை" என்று ஒரு சீட்டு எழுதி வைத்தேன், கீழே கோடு போடாமல். யாராவது கேட்டால் யானையைத் தூக்கிக் காட்டுகிறேன். முதலில் இடது கால், செய்தவரின் அடையாளம். பிறகு, திருப்பி, என்னுடையது.