கிளிப்பச்சைக் கூலன்ட்

ஆவணி 2, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். சாயம் போட்ட பட்டு காயவே இல்லை. அரக்கு நிறப் பட்டு ஆர்டர் நாளைக்குத் தர வேண்டும்.

மதியம் படவேட்டிலிருந்து அத்தை போன். "ஆடிதான் முடிஞ்சிடிச்சே மாப்ள. வெள்ளிக்கெழம வந்து கூப்புட்டுக்கினு போங்க. கலாவும் சரின்னுட்டா." என் பெண்டாட்டி வீட்டுக்கு வருகிறாள்! கையில் இருந்த டீயைக் கொட்டிக்கொண்டேன்.

பஸ்ஸிலேயே வரச் சொன்னாளாம். போனை வைத்துவிட்டு நேராகக் காரைத்தான் போய்ப் பார்த்தேன்.

பங்குனியில் அவளுக்கு வலி எடுத்து, அப்பா விட்டுப்போன இந்தப் பழைய காரில்தான் வேலூருக்குக் கிளம்பினோம். கண்ணமங்கலம் தாண்டி ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. பின்சீட்டில் கலா. குழந்தை தங்கவில்லை. சீக்கிரம் வந்திருந்தாலும் இதேதான் என்றார் டாக்டரம்மா. கலா நம்பவில்லை. நானும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனவள்தான்.

அதே காரில், எங்கேயும் நிற்காமல் அவளைக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸாம் பஸ்.

ஆவணி 3, செவ்வாய்

வெயில். அரக்கு முடிந்தது.

மெக்கானிக் துரை ஊரில் இல்லை, தங்கை மகளுக்குக் காதுகுத்து. சனிக்கிழமைதான் வருவான். சரி, ரேடியேட்டர் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற கூலன்ட்தானே, நானே ஊற்றிக்கொள்கிறேன். ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"எந்தக் காலத்து வண்டிங்க?"

"எங்க அப்பா வாங்கனது. இதே பச்சைல குடுங்க."

"கலர பாத்து வாங்காதீங்க. இப்ப எல்லா டைப்பும் எல்லா கலர்லயும் வருது. பழைய வண்டிக்கி பழைய டைப்புதான். டப்பாவுல போட்டிருக்கறத பாத்து வாங்கணும். அது ஸ்டாக் இல்ல, சனிக்கெழம வரும்."

சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து சாயத்தொட்டி பக்கத்தில் நிற்கிறவனிடம் கலர் பார்க்காதே என்கிறார். சட்டைப்பையில் எப்போதும் வெள்ளைப் பட்டு இழை இருக்கும். பாட்டிலில் ஒரு இழை, கடையில் இருந்த பச்சையில் ஒரு இழை நனைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசல் ஒரே கிளிப்பச்சை. வாங்கிவிட்டேன்.

வெள்ளிக்குள்:
மல்லிப்பூ சொல்லிவைக்க.
தலையணை உறை புதுசு.
தொட்டில் சேலை – அவள் கண்ணில் படாத இடத்தில்.

ஆவணி 4, புதன்

ஊற்றியாச்சு. பழையது பாதி இருந்தது, மீதிக்குப் புதுசு. சேவூர் வரை ஓட்டிப் பார்த்தேன். சூடு காட்டும் முள் ஏறவில்லை. எனக்கு நானே சபாஷ்.

பின்சீட்டைத் துடைத்தபோது இடுக்கில் கலாவின் ஹேர்பின். இவ்வளவு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். தொட்டில் சேலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இன்னும் கட்டில்மேல்தான் கிடக்கிறது.

ஆவணி 6, வெள்ளி

சந்தவாசலுக்கு முன்னாலேயே முள் சிவப்பில். பானெட்டிலிருந்து புகை. அதே நாற்றம்.

ஆறவைத்து மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையே இல்லை. கேழ்வரகுக் கூழ் மாதிரி கெட்டியாக ஏதோ.

அத்தைக்குப் போன் போட்டு, கார் வழியில் நின்றுவிட்டது என்றேன். பின்னால் கலாவின் குரல் கேட்டது. "காரா? அந்தக் கார்லயா வராரு?" 

"அத்த, நான் பஸ்ஸு புடிச்சி ஜல்தியா வந்துடறேன்."

"வேணாம் மாப்ள. பொடவ கட்டிக்கினு பைய வச்சிக்கினு ஒக்காந்துனு இருந்தா. இப்ப உள்ள போயி கதவ சாத்திக்கினா. நீங்க திரும்பிப் போங்க."

புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். டிவிஎஸ்ஸில் போன ஒருத்தர் நிறுத்தி, "தண்ணி வேணுமா தம்பி?" என்றார். காருக்கா எனக்கா என்று கேட்கவில்லை. வாங்கிக் குடித்தேன். பூ சீட்டிலேயே வாடியது.

ஆவணி 7, சனி

துரை வந்துவிட்டான். சந்தவாசலிலிருந்து காரைக் கட்டி இழுத்து வந்து, எல்லாவற்றையும் வடித்துவிட்டு முறைத்தான்.

"கலரு ஒண்ணா இருந்தா மருந்தும் ஒண்ணா? வேற வேற டைப்பு சேந்தா இப்டிதான் கட்டிக்கும். கடைல சொல்லலியா?"

"சொன்னாரு."

"பின்ன ஏன்யா?"

என்ன சொல்ல? பட்டு நனைத்துப் பார்த்தேன் என்றா?

நல்ல தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்ப அலசினான். கடைக்கு வந்திருந்த பழைய டைப்பை டப்பா படித்து ஊற்றினான். அதுவும் பச்சைதான். "இனிமே கொதிக்காது, தைரியமா போ."

கலா போன் எடுக்கவில்லை.

ஆவணி 9, திங்கள்

லேசான தூறல். படவேட்டுக்குப் போனேன். புளியமரத்தைத் தாண்டினேன். முள் நடுவில். மலை தெரிந்தது. முள் நடுவில்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே ஓசூருக்குப் போய்ட்டாங்களே, அண்ணன் வூட்டுக்கு. கலா அங்கயே வேலைக்கி சேரப்போவுதாம். ஒங்களுக்கு சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தம்மா காரைப் பார்த்தார். "கொதிச்சி நின்னுடும்னாங்க. நல்லாதான கீது."

"நல்லாதாங்க ஓடுது" என்றேன்.