பரிட்சை முடிகிற வரைக்கும்

நாமகிரிப்பேட்டை,
ஏப்ரல் 19, ஞாயிறு.

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், எழுதாவிட்டால் கவலைப்படுவாய், அதனால் சுமாரான நலம் என்று வைத்துக்கொள் சாமி. அங்கே அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனும் பேத்தி பிரீத்தியும் நல்லபடியாக இருக்க வேண்டும். மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டாயிற்று, வெயில் மண்டையைப் பிளக்கிறது, சமையலில் நான் ரசம் வரைக்கும் தேறிவிட்டேன், பத்தாவதில் கணக்கை மூன்று தடவை எழுதியவனுக்கு இது பெரிய வேகம்தான். போனில் பேசினால் பக்கத்தில் பிரீத்தி இருப்பாள் என்றுதான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுத் தமிழரசு இதைப் படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவான். ஆபீசில் தனியாக இருக்கும்போது படி.

பிரீத்தியின் அந்தப் பரிட்சை விஷயம்தான். பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்திலேயே காலேஜ் பாடத்தைப் படித்து, மே மாசம் பரிட்சை எழுதி நல்ல மார்க் வாங்கிவிட்டால் காலேஜில் அதை மறுபடி படிக்க வேண்டியதில்லை, எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மூன்று பாடம் என்னால் ஆகாது என்று பிரீத்தி சொல்ல, எழுது என்று நீ சொல்ல, தை மாசம் வரைக்கும் அது இழுபறியாகவே கிடந்தது. அதற்குள் பிப்ரவரி முதல் தேதி உன் அம்மா மாரக்காள் போய்ச் சேர்ந்தாள். பிரீத்தியிடம் ஆபீஸ் வேலையாக டெக்சாஸ் போவதாகச் சொல்லிவிட்டு நீ ஒன்பது நாள் இங்கே வந்திருந்தாய். கிளம்பும்போது, அம்மாயி செத்தது தெரிஞ்சா அவ புஸ்தகத்தையே தொடமாட்டாளுங்கப்பா, பரிட்சை முடியட்டும், அதுவரைக்கும் நீங்க சமாளிச்சுக்குங்க என்றாய். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். நீ போன அந்த வாரமே பிரீத்தியும் சரி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள், நம் தந்திரம் பலித்தது என்று நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது, இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவனே நான்தானே. நீ பன்னிரண்டாவதில் நாமக்கல் ஹாஸ்டலில் இருந்தபோது உன் அப்பாரு, என்னைப் பெற்றவர், இறந்துபோனார். உனக்குச் சொல்லாமல் காரியமெல்லாம் முடித்துவிட்டு, பிள்ளைகளைப் பார்க்க விடுகிற ஞாயிற்றுக்கிழமை மொட்டைத் தலையோடு வந்து, உன் மார்க்குக்காகப் பழனியில் முடி கொடுத்தேன் என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கின பஞ்சாமிர்தத்தைப் பிரசாதம் என்று கையில் கொடுத்தேன். நீ என் மண்டையைத் தடவிச் சிரித்துவிட்டு, அப்பாருக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்க என்றாய். வைக்கிறேன் என்றேன். கடைசிப் பரிட்சை முடிந்து வீட்டுக்கு வந்தவள் ஆறு மாசம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மார்க் வந்துவிட்டது பார், ஊரே என் சாமர்த்தியத்தைப் பேசியது, நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

இப்போது பதினோரு ஞாயிறாக அதே வேஷம். போனில் முகம் தெரிந்ததும், அம்மாயி எங்கீங்க அப்புச்சி என்றுதான் பிரீத்தி ஆரம்பிப்பாள். தூங்குகிறாள் என்றேன், ஓமலூர்க் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன், தொண்டை கட்டிவிட்டது என்றேன். பேச வேண்டாமுங்க, இருமலாவது கேக்கட்டும் என்றாள் ஒரு வாரம். நான் உள்ளே போய்ப் பெண் குரலில் நாலு தரம் இருமிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அறுபத்தெட்டு வயதில், செத்துப்போன பெண்டாட்டிக்காக இருமிக் காட்டினவன் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான்.

இன்று காலை நீ கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளே கூப்பிட்டாள். போதுமுங்க அப்புச்சி, அம்மாயி தோடு எங்க ஊட்டு பீரோவுல அம்மா துணிக்கடியில இருக்குது, அம்மாயி அதை ஒரு நாளும் கழட்டுனதில்லீங்களே என்றாள். எப்போது பார்த்தாய் என்றேன். நீ திரும்பிப்போன மறுநாளே பார்த்துவிட்டாளாம். அப்புறம் எதற்குச் சாமி வாராவாரம் கேட்டாய் என்றால், நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தானுங்க என்கிறாள். இருமச் சொன்னதும் அதற்குத்தான். அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன், அவள் என் இருமலை அப்படியே இருமிக் காட்டிச் சிரித்தாள்.

மூன்று பரிட்சைக்கும் போய் உட்காருவாளாம், ஒரு எழுத்தும் எழுதாமல் எழுந்து வருவாளாம், சரி எழுதுகிறேன் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டதே இதற்குத்தானாம். மார்க் ஜூலையில்தான் வருமாம். அதுவரைக்கும் அம்மாகிட்டச் சொல்லீறாதீங்க, பரிட்சை முடியட்டும், நீங்கதான் நல்லா மறைப்பீங்களே என்றாள். பிறகு, நீங்க செத்தாலும் எனக்கு மார்க் வந்தபொறகுதான் சொல்லுவாங்களா அப்புச்சி என்று கேட்டாள். நான் சிக்னல் போன மாதிரி போனை அணைத்துவிட்டேன்.

சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன், இனி என்னோடு பேசமாட்டாள், பரவாயில்லை. அன்றைக்கு உன்னிடம் மறைத்தேன், அப்புறம் அவளிடம் மறைத்தேன், மறுபடியும் உன்னிடம் மறைக்க எனக்குத் திராணி இல்லை. நீ இன்றைக்கே அவளிடம் சொல். எனக்குத்தான் தெரியுமே என்பாள், தெரிந்தாலும் உன் வாயால் சொல். ஆனால் சமாதானம் பண்ணிப் பரிட்சை எழுத வைப்பதற்காகச் சொல்வதானால் சொல்லாமலே இரு, அதையும் அவள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். எழுதுவதோ எழுதாமல் விடுவதோ அவள் இஷ்டம், மூன்று பாடத்தைக் காலேஜில் படித்துக்கொள்ளட்டும், காலேஜ் எதற்கு இருக்கிறது. தோட்டை அவளிடமே கொடுத்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரையும் முனியப்பன் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, எனக்கு ஏதாவது ஆனால் முதல் போன் பிரீத்திக்குத்தான் என்று தமிழரசுவிடம் அவள் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்கு அவள் சொல்லுவாள், எப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிறதோ அப்போது.

இப்படிக்கு,
உன் அப்பா
செங்கோட்டையன்