ஜெபத்தின் முதல் பாதி

ஆண்டவருடைய சமாதானம் உன் வாசலோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் வரட்டும் என்ற வேண்டுதலோடு, அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நீ ஃபோனை எடுப்பதில்லை. குறை சொல்லவில்லை; காரணம் தெரிந்ததால்தான் பேனாவை எடுத்தேன். உன் பக்கத்து வீட்டுக்காரி நல்ல பெண். நீ வேலைக்குப் போவதில்லை, வாசலில் வைத்த சாப்பாடு வைத்தபடியே இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். "கதவைத் தட்டினா 'இருக்கேன்'னு குரல் மட்டும் வருது ஆன்ட்டி" என்றாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர்களை உடனே திருத்திவிடுவேன். அன்று திருத்தத் தோன்றவில்லை.

இங்கே நான் நலம் என்று எழுத மாட்டேன். கடிதத்தின் முதல் பக்கத்திலேயே பொய் எழுதக் கூடாது என்று கான்வென்ட்டில் மதர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முழங்கால் வலி பழையபடிதான். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவன் இன்னும் அதிகமாக ஒழுகவைத்துவிட்டுப் போனான்.

என் மகனுடைய நினைவு அட்டையை அச்சுக்குக் கொடுத்திருந்தேன். நான் ஓய்வு பெறும்வரை பிழை திருத்திய அதே அச்சகம். புரூஃபை எனக்கே அனுப்பிவிட்டார்கள். "நீங்க பாக்காம எப்படி மேடம் அச்சுல ஏத்துறது?" என்றாராம் மேலாளர். பழக்கதோஷம். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர் சரி. பிறந்த தேதி சரி. பக்கத்தில் ஒரு கோடு, அதன்பின் இன்னொரு தேதி. ஒரு எண்ணாவது தப்பாக இருக்காதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அடக்கம் முடிந்து நீ உங்கள் ஊருக்குத் திரும்பிப் போனதும் ஃபோனில் கடைசியாகப் பேசினாயே, அந்தப் பேச்சு என்னை விடவில்லை. "அவரு தனியா போயிட்டாரு அத்தை. மிஷின் ரூம்ல, அடுத்த ஷிஃப்ட் ஆள் வர்ற வரைக்கும் பக்கத்துல ஒருத்தர் இல்ல. உங்க சாமி அப்ப எங்க போயிருந்தாரு?" என்றாய். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி எனக்குப் பழக்கமில்லை. பங்குத்தந்தை வந்து இதெல்லாம் தேவசித்தம் என்றார். "அந்த வார்த்தையைக் கொஞ்ச நாள் பெட்டியில வச்சுப் பூட்டுங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். சின்ன வயது, முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை உரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாலையானால் அவன் எனக்கு ஃபோன் செய்வதும், நான் ஸ்பீக்கரில் போட இருவருமாக ஜெபமாலை சொல்வதும் நீ கேட்டதுதான். விரலில் உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் மாதா ஜெபத்தின் முதல் பாதி அவன், மறுபாதி நான். உன் மாமனார் இருந்தவரை முதல் பாதி அவருடையது. அவருக்குப் பின் மகன் எடுத்துக்கொண்டான். நான் என்றைக்கும் பதில் சொல்லும் பக்கம். "அம்மாவும் புள்ளையும் தடதடன்னு ரயிலை எடுத்துட்டாங்கப்பா" என்று நீ பின்னால் நின்று கேலி செய்வது எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அவன் போன பின்னும் அந்த நேரத்துக்கு உட்கார்ந்தேன். முதல் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொல்லும் நேரத்துக்குச் சும்மா இருந்துவிட்டு, என் பாதியை மட்டும் சொல்லிவந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

கீழ்வீட்டில் பல்செட் செய்கிறவர் குடியிருக்கிறாரே, கோயிலில் கடைசி பெஞ்சுக்காரர். ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுப்பவர் தன் வாயைத் திறக்க மாட்டார் என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். போன வாரம் கையெல்லாம் பல் அச்சு எடுக்கும் மாவோடு மாடிப்படியில் வந்து நின்றார். "லைன் கட்டாயிடுச்சு போலம்மா. அந்தப் பக்கம் சத்தமே இல்ல, நீங்க பாட்டுக்குப் பேசிட்டிருக்கீங்க" என்றார். அந்தப் பக்கம் இனி யாரும் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அடக்கத்தில் பெட்டி தூக்கிய மனிதர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. படியில் நின்றபடியே முதல் பாதியைச் சொல்ல ஆரம்பித்தார். திக்கித் திக்கி, நடுவில் ஒரு வரியையே விழுங்கிவிட்டு. எனக்குப் பொறுக்குமா? "நிறுத்துங்க, ஒரு வரி போச்சு" என்றேன். "நீங்க சொல்லிக் குடுங்கம்மா, பின்னாடியே சொல்றேன்" என்றார். சொல்லிக் கொடுத்தேன். அவன் போனபின் அந்தப் பாதி என் வாயில் வந்தது அப்போதுதான்.

பிறகு அவர் முன்னே சொல்ல, நான் பதில் சொன்னேன். சொல்லும்போது என் பாதி என் காதிலேயே விழுந்தது. பிறர் எழுத்தைத் திருத்தியே பழகியவள், என் வாயில் வருவதை நின்று கேட்டதில்லை. அதில் என்னம்மா கேட்கிறோம்? சாகிற நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று மாதாவிடம் கேட்கிறோம். அவனும் நானும் மாலைதோறும், மணிக்கு மணி, அந்த ஒரு நேரத்துக்காகத்தான் கேட்டுவைத்திருக்கிறோம். நீ போய்ச் சேர முடியாத அந்த மிஷின் ரூமுக்கு, நான் கண்ணால்கூடப் பார்த்திராத அந்த அறைக்கு, எங்கள் வேண்டுதல் முன்னாலேயே போயிருக்கிறது. தன் பிள்ளை சிலுவையில் சாவதை நின்று பார்த்தவள் அவள். இன்னொருத்தியின் பிள்ளையைத் தனியே விட்டிருக்க மாட்டாள்.

இதை என்னால் நிரூபிக்க முடியாது. நம்புகிறேன், அவ்வளவுதான். நம்புகிறவர்களுக்கு அழுகை வராது என்று எண்ணிவிடாதே. நேற்றுகூட அவன் சட்டையை மடித்துக்கொண்டே அழுதேன். அவனை மறுபடி பார்ப்பேன் என்பதும் அதே நெஞ்சில்தான் இருந்தது.

உன்னை ஜெபிக்கச் சொல்லவில்லை. கடவுள்மேல் கோபமா, கோபமாகவே இரு. அதைத் தாங்க அவரால் முடியும். இனி மாலையில் அவன் கூப்பிடும் நேரத்துக்கு நான் கூப்பிடுவேன். முதல் பாதியை நானே சொல்வேன். நீ பதில் சொல்ல வேண்டாம். ஃபோனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். நீ மூச்சு விடுவது கேட்டால் அதையே மறுபாதியாக வைத்துக்கொண்டு அடுத்த மணிக்குப் போவேன். நீ எடுக்காவிட்டால் மறுநாளும் கூப்பிடுவேன், அதற்கு மறுநாளும். யாரையும் இரண்டாம் தடவை கூப்பிட்டுப் பழகாதவள் நான் என்பது உனக்குத் தெரியும்.

உன்னை என் மகனுக்குத் தந்த ஆண்டவர், எனக்கும் விட்டுவைப்பாராக.

உன் அத்தை