பட்டாபியின் கோப்பில் இருந்த வரி

கரமனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள செல்வினுக்கு,

நலம். டப்ளினில் நீங்களும் ஷிபாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் போனில் சொன்ன கோளாறு சரியாகிவிட்டது. காலையில் வேலைக்காக கம்ப்யூட்டரில் டெர்மினலைத் திறந்தால், "லட்சுமி, தைராய்டு மாத்திரை போட்டுண்டாச்சா?" என்று முதலில் ஒரு வரி வருமே, அது நின்று போயிருந்தது. பட்டாபி போய் ஏழு மாதம் ஆகியும் அந்த ஒரு வரியில் அவர் தினமும் என்னுடன் பேசிக்கொண்டிருந்தார். அது வராத அன்று, மார்ச்சில் அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

நீங்கள் சொன்னபடியே, புள்ளியில் தொடங்கும் கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். நான் புதிதாக ஏற்றிய ஏதோ ஒரு மென்பொருள் .bash_profile என்று ஒன்றை உண்டாக்கியிருந்தது. அது இருந்தால், டெர்மினல் திறந்ததும் ஓடும் ஷெல் .profile பக்கமே போகாதாம். பட்டாபி எழுதியதெல்லாம் .profile-இல்தான் இருந்தது. பழையதையும் படி என்று புதியதில் ஒரு வரி சேர்த்தேன். வந்துவிட்டது.

ஆனால் அதற்காக அவருடைய கோப்பை முதல்முறையாகத் திறந்து படித்தேன், செல்வின். எதை மாற்றினாலும் தேதியும் காரணமும் மேலே குறித்து வைப்பது அவர் வழக்கம். அந்த மாத்திரை வரிக்கு மேலே இப்படி இருந்தது: "ஆகஸ்ட் 11. ரிசல்ட் வந்தாச்சு. செல்வின்கூடக் கல்லாறு போய் அழுதாச்சு. லட்சுமிகிட்ட ஓணம் கழிஞ்சு சொல்லணும். நான் இல்லாத நாளைக்கு இது இருக்கட்டும்."

நோயைப் பற்றி என்னிடம் அவர் சொன்னது போன வருஷம் அக்டோபரில். நேற்றுத்தான் தெரிந்தது என்றார். கல்லாற்றுக்கு ஆபீசோடு போனதாகச் சொல்லியிருந்தார்.

உங்கள் மேல் கோபமில்லை. சிநேகிதர் என்று உங்களிடம் சத்தியம் வாங்கியிருப்பார், தெரியும். ஆனால் அந்த செப்டம்பரில், என் தங்கை வீட்டு கிருகப்பிரவேசத்துக்கு வரவில்லை என்று நான் அவரோடு நான்கு நாள் பேசாமல் இருந்தேன். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். தெரிந்திருந்தால் ஒரு நாளையாவது அப்படி விட்டிருப்பேனா?

என் முன்னால் அவர் ஒரு தடவைகூட அழவில்லை. அந்த ஆற்றங்கரையில் என்ன சொல்லி அழுதார்? ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். என் மனசு கஷ்டப்படும் என்று எதையும் மறைக்காதீர்கள். ஷிபாவிடம் இப்போதே எல்லாம் சொல்லிவிடுங்கள், பெரிதோ சிறிதோ. நீங்கள் இருவரும் ஒன்றாய் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஸ்ரீலட்சுமி பட்டாபி