கோழிக்கூட்டின் கிழக்கு முகப்பு

அன்புள்ள மூத்த மகளுக்கு,

அப்பாவும் அம்மாவும் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஏழு கோழிகளும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். அக்கா, மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு தடவை எழுந்துபோய் உன் அறைச் சுவரைப் பார். போன மாதம் நாங்கள் அனுப்பிய கோழிக்கூட்டுப் புகைப்படம் அங்கே இருக்கிறதா? இருந்தால் தொடாதே. இல்லையென்றால் தேடு. இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னார் அப்பா, சௌக்கியம் விசாரிக்காமல் எழுதக் கூடாது என்றாள் அம்மா, அதனால்தான் இது ஐந்தாவது வரியில் வருகிறது.

முதலில் அப்பாவேதான் எழுத உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து அம்மா எட்டிப் பார்த்தால் தாளின் தலையில் ‘பொருள்: புகைப்படம் ஒன்று – தவறுதலாக அனுப்பப்பட்டது – திரும்பப் பெறுதல் – தொடர்பாக. பார்வை: தங்களின் தேதியிடப்படாத கடிதம்’ என்று இருந்தது. “பெத்த பொண்ணுக்கு எழுதுற லெட்டரா இது? வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்ற நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்று அம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “தேதி போடாம எழுதுறா உன் பொண்ணு, அதைக் கேக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா” என்றார் அப்பா. கடைசியில் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது அப்பா ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நடந்துகொண்டு சொல்கிறார், அம்மா கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு அதை மறுத்துச் சொல்கிறாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதால் எது உனக்கு உதவும் என்று எனக்குத் தோன்றுகிறதோ அதை எழுதுகிறேன்.

அப்பா பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் ஆவணக் காப்பாளர் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே அவர் என்ன செய்கிறார் என்பது இந்த விடுமுறையில் கூடப் போனபோதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், ஒவ்வொரு கட்டடத்துக்கும் நாடா கட்டிய ஒரு ஃபைல். குண்டூசி கூடாது, துருப்பிடிக்கும். பசை கூடவே கூடாது. புகைப்படத்தைத் தொட வேண்டுமென்றால் வெள்ளைத் துணிக் கையுறை, அதன் பின்புறம் எழுத வேண்டுமென்றால் மெல்ல எழுதும் கறுப்புப் பென்சில். அப்பா படத்தின் முன்பக்கத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு, எழுதாத படம் அவருக்குப் பெயர் வைக்காத பிள்ளை. அதனால்தான் ஸ்டூடியோக்காரர் எடுத்துக் கொடுத்த நம் கோழிக்கூட்டுப் படத்தையும் உனக்கு அனுப்புவதற்கு முன் ஆபீசுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, அது அரசாங்கப் பென்சில் என்றாராம்.

அதே நாளில் அவர் மேஜைக்கு இன்னொரு படமும் வந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து மூடிய ஒரு கட்டடம் இருக்கிறதே, நாம் சின்ன வயதில் கல் எறிந்து சத்தம் கேட்போமே, அது முன்னொரு காலத்தில் நீரேற்று நிலையமாம். ஊருக்கே அங்கிருந்துதான் தண்ணீர் போனதாம். இப்போது அந்த இடத்தை வாங்கிய கம்பெனி அதை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறது. தகரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. அங்கே பம்ப் ஓட்டியவரின் மகள் ஒரே ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார், இரண்டு மாடி, செங்கல் வளைவுகள், ஒன்பது வட்ட ஜன்னல்கள். நெகட்டிவ் கிடையாது. இரண்டு படமும் ஒரே அளவு, இரண்டும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில். அப்போது பசைப்புட்டி அண்ணன் உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டார். அப்பாவின் பிரிவில் வேலை பார்க்கும் கிளார்க்தான் அவர், எத்தனை திட்டினாலும் சட்டைப் பையில் பசை வைத்திருப்பதால் அந்தப் பெயர். இரண்டு படமும் பறந்து மேஜைக்கடியில் குப்புற விழுந்தன. அப்பா கையுறையோடு பொறுக்கி எடுத்து, புரட்டிப் பார்க்காமல், இரண்டின் முதுகிலும் மணிமணியாக எழுதினார். நீரேற்று நிலையத்தின் முதுகில் ‘எங்கள் வீட்டுக் கோழிக்கூடு, கிழக்கு முகப்பு. கட்டியவர்: தந்தை. நிலை: நன்று.’ அது உனக்கு வந்துவிட்டது. நம் கோழிக்கூடு நாடா கட்டிய ஃபைலுக்குள் போய்விட்டது.

நீ பதில் எழுதியபோதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். “கோழிக்கூடு பிரமாதம், மாடி வேற போட்டாச்சா? ஏழு கோழிக்கு ஒன்பது ஜன்னல், மிச்சம் ரெண்டு யாருக்கு? சுவத்துல மாட்டியிருக்கேன், பாக்கிறவங்க எல்லாம் எங்கப்பாவைப் பெரிய புள்ளின்னு நினைக்கிறாங்க” என்று எழுதியிருந்தாய். அப்பா இரண்டு தடவை சத்தமாகப் படித்து, என் பொண்ணுக்கு என்ன நகைச்சுவை பாரு என்று சிரித்தார். மிச்சம் இரண்டு ஜன்னலில் ஒன்று உங்கப்பாவுக்கு, இன்னொன்று அவர் ஃபைலுக்கு என்றாள் அம்மா. நானும் சிரித்தேன். வகுப்பில் அதிகம் புத்தகம் படிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள் நான், வெட்கமாக இருக்கிறது.

நீரேற்று நிலையத்தை இடிக்கலாமா பாதுகாக்கலாமா என்று போன புதன்கிழமை விசாரணை நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் அப்பா என்னையும் கூட்டிப்போய், காலை ஆட்டாதே என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். நீண்ட மேஜை, ஐந்து உறுப்பினர்கள், தட்டு போட்டு மூடிய தண்ணீர் டம்ளர்கள். சுவரில் ஒரு பெரிய கடிகாரம் நின்றுபோயிருந்தது, அதைப் பழுது பார்க்கலாமா இல்லை அப்படியே பாதுகாக்கலாமா என்று இன்னும் முடிவாகவில்லையாம். அப்பா கையுறை போட்டு உறையைப் பிரித்து, ‘நீரேற்று நிலையம், கிழக்கு முகப்பு’ என்று முதுகைக் கணீரென்று படித்து, படத்தைத் தலைவர் அம்மாவிடம் கொடுத்தார். தலைவர் அம்மா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். முதுகைத் திருப்பி அப்பாவின் கையெழுத்தைப் படித்ததும் நிம்மதியாகிப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டிவிட்டார். ஒருவர் பேசாமல் கொடுத்தால் அடுத்தவரும் பேசாமல் வாங்கிக்கொள்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியில் வரலாற்றுப் பேராசிரியர் எழுந்து நின்று படத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். அப்பா மட்டும் தலை நிமிராமல் விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

அக்கா, நம் கோழிக்கூடு. வாசலில் நம் ‘மேனேஜர்’ கோழி, மற்றவற்றைக் கொத்தி விரட்டிவிட்டுத் தனியாக நிற்கிறது. கூரைமேல் என் பள்ளிக்கூடப் பாவாடை காய்கிறது. பேராசிரியர் ஆரம்பித்தார். “இந்த எளிமையைக் கவனிங்க. உள்ள போறவன் குனிஞ்சுதான் போகணும். தண்ணிக்கு முன்னால தலை வணங்கணும்னு நினைச்சுக் கட்டியிருக்காங்க. காத்தோட்டத்துக்குக் கம்பி வலை. வாசல்ல ஒரு பறவைச் சிற்பம், எவ்வளவு உயிரோட்டம் பாருங்க. மேல கொடி பறக்குது, அப்ப இது சாதாரணக் கட்டடமே இல்ல” என்றார். கம்பெனி வக்கீலும் அந்தப் பக்கம் போனதே இல்லை போலிருக்கிறது. அவர் எழுந்து, “இவ்வளவு குள்ளமான கட்டடத்துல மனுஷன் எப்படிங்க வேலை பாத்திருப்பான்?” என்று கேட்டார். “அந்தக் காலத்து ஆளுங்க குட்டை” என்றார் பேராசிரியர், கொஞ்சமும் யோசிக்காமல். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பாதுகாக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர் அம்மா. ஐந்தில் மூன்று கை தூக்கியாகிவிட்டது. கட்டடம் தப்பித்துவிட்டது அக்கா, எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

படம் அப்பாவின் கைக்குத் திரும்பி வந்தது. உறையில் போடுவதற்கு முன் என்ன தோன்றியதோ, முதல் முறையாக அதைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் துடைத்த கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது. பிறகு நிமிர்ந்து கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அவர் பேசாமல் உறைக்குள் போட்டு நாடாவைக் கட்டியிருக்கலாம், அந்த அறையில் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்தான். அப்பா எழுந்து நின்றார். “அம்மா, மன்னிக்கணும். இது எங்க வீட்டுக் கோழிக்கூடு” என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தூக்கிய மூன்று கைகளும் இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றன. நிச்சயமாத் தெரியுமா என்று கேட்டார் தலைவர் அம்மா. “நான்தாங்க கட்டினேன். மேல காயறது என் சின்னப் பொண்ணோட பாவாடை” என்றார் அப்பா. அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தில் மணி பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் ஆதாரமே இல்லை, இன்றே இடிக்க அனுமதி கொடுங்கள் என்று வக்கீல் குதித்தார். தலைவர் அம்மா முப்பது நாள் தவணை கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் அசல் படம் அந்த மேஜைக்கு வர வேண்டும். வராவிட்டால் தகரத்தோடு சுவரும் போய்விடும். பஸ்ஸில் வரும்போது, நீங்கள் சும்மா இருந்திருந்தால் கட்டடம் பிழைத்திருக்குமே என்று கேட்டேன். அப்பா டிக்கெட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம், “நாளைக்கு ஒருத்தன் அந்த ஃபைலைத் திறப்பான் இல்லியா. அவன்கிட்ட அந்தக் கட்டடத்துக்கு சாட்சி சொல்றது யாரு? நம்ம கோழி” என்றார். வீட்டுக்கு வந்து அசல் எங்கே போயிருக்கும் என்று அப்பா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் உன் கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். “ஒன்பது ஜன்னல்னு அவ அப்பவே எழுதிட்டா. நூறு வருஷத்துக் காகிதத்தை எல்லாம் படிக்கத் தெரியுது, பொண்ணு லெட்டரைப் படிக்கத் தெரியல” என்றாள்.

அப்பா இப்போது தனக்குத் தானே விளக்கம் கேட்டு ஓர் ஓலை அனுப்பியிருக்கிறார், ஏனென்றால் அந்தப் பிரிவில் விளக்கம் கேட்க வேண்டிய அதிகாரி அவர்தான். அனுப்பி, வாங்கி, பதில் எழுதி, ஃபைலில் வைத்தும் விட்டார். பதில் திருப்தியா இருந்துச்சா என்று அம்மா கேட்டாள். “இல்ல, ரொம்ப மழுப்பலா இருந்துது, இன்னொரு தடவை கேட்டிருக்கேன்” என்றார். பேராசிரியர் இரண்டு முறை ஆபீசுக்கு வந்து அந்தக் குட்டை விஷயத்தையாவது எடுத்துவிடக் கூடாதா என்று கெஞ்சினாராம். பொது ஆவணத்தில் அடிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, வேண்டுமென்றால் கீழே ஒரு குறிப்பு சேர்க்கலாம் என்றாராம் அப்பா. எனக்கும் அதே பதில்தான். விசாரணைக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் ‘கொடி (பின்னர் பாவாடை எனத் தெளிவுபடுத்தப்பட்டது)’ என்று நிரந்தரமாக இருக்கிறது, எந்தக் குடிமகனும் விண்ணப்பித்துப் படிக்கலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. இதை அப்பா அரை மணி நேரம் சொன்னார், நான் சுருக்குகிறேன். குண்டூசியில் குத்தியிருந்தால் நேராக இழுத்து எடு. டேப் என்றால் உரிக்காதே, சுற்றி வெட்டி டேப்போடு அனுப்பு. பசை என்றால் தண்ணீர் படாமல் சுவரின் சுண்ணாம்புப் பூச்சோடு மெதுவாகப் பெயர்த்தெடு. “சுவரையே பேத்து அனுப்பச் சொல்லுங்களேன்” என்று அம்மா சொன்னதும் அப்பா நடையை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்து, “அவ வீட்டு ஓனர் ஒத்துக்குவாரா?” என்று கேட்டார். அப்பா முதுகில் எழுதியதை அழித்துவிடாதே, தப்பாக எழுதியதும் ஆவணம்தானாம், அதற்குக் கீழே அவரே சரியாக எழுதிக்கொள்வாராம். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடிக்காமல், ரப்பர் பேண்ட் போடாமல், பதிவுத் தபாலில் நாளைக்கே அனுப்பு. சளி பிடித்திருந்தால் படத்தின் பக்கத்தில் தும்மாதே. இது அப்பா சொன்னது. சளி பிடித்திருந்தால் வெந்நீர் குடி. இது அம்மா.

அப்புறம் ஒரு வருத்தமான செய்தி. அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டால் உன் சுவர் காலியாகிவிடுமே, உண்மையான கோழிக்கூட்டுப் படத்தை உனக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். முடியாதாம். விசாரணையில் காட்டி எண் போட்டாகிவிட்டதால் அதுவும் இனி அரசாங்க ஆவணம், ஃபைலைவிட்டு வெளியே வராது. ஆகவே நம் கோழிக்கூட்டைப் பார்க்க உனக்கு இரண்டு வழிதான் இருக்கிறது. வேலை நாட்களில் பத்து மணியிலிருந்து ஐந்து மணிக்குள் ஆபீசுக்கு வந்து, உரிய படிவத்தில் விண்ணப்பித்து, கையுறை போட்டுக்கொண்டு பார்க்கலாம். அல்லது வீட்டுக்கு வரலாம். வீட்டுக்கு வருவதற்குப் படிவம் எதுவும் கிடையாது, எந்த நாளும் எந்த நேரமும் திறந்திருக்கும் என்று அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்கிறார். அம்மா எதையும் மறுக்கவில்லை.

காதை மூடிக்கொள், பதிலில் தேதி போடு, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது.

சொன்ன அப்பா,
குறுக்கே சொன்ன அம்மா,
எழுதிய தங்கை