ஆளுக்கொரு பொய்

இறப்புச் சான்றிதழுக்காக உங்கள் ஆதார் அட்டையைத் தேடி பீரோவைக் குடைந்தபோது அந்த நீல ஃபைல் கையில் வந்தது. திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை. நம் இருவரின் பரிசோதனை முடிவுகளும் ஒரே பின்னில் குத்தியபடி இருந்தன. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தோமே, அந்த டாக்டரம்மா கொடுத்தது. "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. ஏன் கரு நிக்கலைன்னு எங்களுக்கே தெரியல" என்றார். திரும்பும் வழியில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தீர்கள். "கொறை இல்லன்னா வீட்டுல நம்ப மாட்டாங்க. ஒங்க ஆளுக என்னயச் சொல்லுவாங்க, எங்க ஆளுக ஒன்னயச் சொல்லுவாங்க. எங்கம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். எப்படி என்று நான் கேட்கவில்லை. என் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஒத்தக்கடையில் என் பிறந்த வீட்டுக்குப் போய், குறை என்னிடம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். உங்களை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதன் பிறகு அம்மா உங்கள் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. அயிரை மீன் குழம்பு வைத்தால் உங்களுக்குப் போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. "ஒங்கம்மா என்னய மருமகனாப் பாக்குறாங்களா, கலெக்டராப் பாக்குறாங்களா?" என்று வண்டியில் திரும்பும்போது கிண்டல் செய்வீர்கள். நான் சிரித்தே மழுப்பிவிடுவேன்.

உங்கள் அம்மாவும் அந்த வருடத்தில்தான் மாறினார். அதுவரை 'வேற பொண்ணு பாப்பமா' என்று என் காதில் விழும்படி பேசியவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வளைகாப்பு வீட்டில் எவளாவது என்னைக் கண்டு வளையல் தட்டை மறைத்தால் சண்டைக்கே போனார். அத்தைக்கு மனம் இளகிவிட்டது என்று நம்பி, கோயிலில் நெய்விளக்குகூடப் போட்டேன், கேளுங்கள்.

ஃபைலோடு கூடத்துக்கு வந்தேன். அத்தை என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "மதினி, ஏ மகன் கொறையால ஒங்க மக மடி நெறயாமப் போச்சு. இம்புட்டு வருசமா மறச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

அம்மா திகைத்துவிட்டார். "என்ன மதினி சொல்றீங்க? கொறை ஏ மகளுக்குல்ல? நாந்தான ஒங்ககிட்ட மறச்சேன்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஃபைலைப் பிரித்து, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அத்தை ஃபைலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பாவிப்பய, ஏ கால்ல விழுந்து அழுதானேடி" என்றார். "'வேற கட்டி வச்சாலும் எனக்குப் பொறக்காதும்மா, அவளயாச்சும் நிம்மதியா இருக்க விடு'ன்னானே."

அழுகையைவிட முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. பதின்மூன்று வருடம் உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீங்கள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாளாவது வண்டியில் நான் மழுப்பாமல் சொல்லியிருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஒத்தக்கடையிலிருந்து வீடு வரைக்கும் சேர்ந்து சிரித்திருப்போம். அந்தச் சிரிப்பு நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறார். நேற்று துக்கம் கேட்க வந்த ஒருத்தி, போகிற போக்கில், "ஆமா, கொறை யாருக்கு?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ஏ மகனுக்குத்தான்."

"இல்லக்கா," என்றேன். "எனக்குத்தான்."