ஆப் கேட்காத கேள்வி

மார்ச் 11, செவ்வாய்

குளித்துக்கொண்டே நூறு கேள்விகளையும் ஒப்பித்துவிட்டேன். குடியுரிமைத் தேர்வுப் பயிற்சி ஆப்பில் மறுபடியும் முழு மதிப்பெண். ஆனாலும் நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலில் குடியுரிமை நேர்காணல். ஜூன் ஒன்பதில் என் மகள் யுதெல்காவுக்கு இருபத்தொரு வயது. அதற்குள் நான் குடிமகளாகிவிட்டால் அவள் எங்கள் சொந்த ஊரான பானியிலிருந்து சீக்கிரம் என்னிடம் வந்துவிடலாம். பிந்தினால் விசாவுக்கு வருடக்கணக்கில் வரிசை. நேர்காணலில் தவறினால் இன்னொரு வாய்ப்பு தருவார்களாம் — எப்போது, ஜூன் போனபிறகா?

மார்ச் 16, ஞாயிறு

டோமினோக் காய் ஆடும் கிளப்பில் எங்கள் ஊர்க்காரன் நானோவும் நானும் ஜோடி. தோற்றோம். என் கவனமெல்லாம் ஆப்பில்தான் என்று அவனுக்குக் கோபம். போன வருடம் குடிமகன் ஆனவன், அந்தத் திமிர் வேறு.

"அந்த ஆப்பு நாட்டைப் பத்திதான் கேக்கும். நேர்காணல்ல இருக்கறவங்க உன்னைப் பத்திக் கேப்பாங்க அக்கா" என்றான்.

அதற்கும்தான் ஆப்பில் பாடம் இருக்கிறதே! 'நீங்கள் எப்போதாவது' என்று தொடங்கினால் பதில் 'இல்லை'. இதில் என்ன பெரிய வித்தை?

மார்ச் 27

ஆப்பில் கேள்வி கேட்கும் இந்தக் குரல்காரி இருமுவதில்லை, தும்முவதில்லை. நிஜ மனுஷி இப்படியா பேசுவாள்?

ஏப்ரல் 3, வியாழன்

நேர்காணல் முடிந்து இப்போதுதான் வந்தேன்.

அதிகாரி சளி பிடித்த ஒரு பெண்மணி. நடைவழியிலேயே பேச்சுக் கொடுத்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வேன் என்று. ஆப்பில் இல்லாத கேள்வி! டோமினோ கிளப்புக்குப் போவேன், நான் அங்கே உறுப்பினர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே போய், பொய் சொல்ல மாட்டேன் என்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். நாட்டைப் பற்றிய கேள்விகள் எல்லாம் சரி. அப்புறம் 'எப்போதாவது' வந்தது. கைதானதுண்டா? இல்லை. நாடு கடத்தப்பட்டதுண்டா? இல்லை. ஏதாவது சங்கத்தில், கிளப்பில் உறுப்பினரா? இல்லை —

பேனாவைக் கீழே வைத்தாள்.

"இப்பதானே கிளப்புன்னு சொன்னீங்க?"

ஐயோ, செத்தேன்னு நினைச்சேன். யுதெல்கா முகம்தான் கண் முன்னால வந்துச்சு. என் விரல்முட்டி மேசையை இரண்டு தரம் தட்டியது, நானாகத் தட்டவில்லை. இது என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எங்க ஆட்டத்துல, போடறதுக்குக் காய் இல்லேன்னா மேசையைத் தட்டிடணும். காயை வச்சுக்கிட்டே தட்டினா அது திருட்டு. இப்ப எங்கிட்ட காய் இல்லைங்க. கிளப்பு நிஜம். 'இல்லை'ன்னது மனப்பாடம்."

அவள் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். நிதானமாகக் காதில் வாங்கிப் பதில் சொன்னேன். புரியாத இரண்டைப் புரியவில்லை என்றேன். முடிவு தபாலில் வருமாம்.

மகளே, உன்னை நானே கெடுத்துவிட்டேனா?

ஏப்ரல் 22

தபால் இல்லை. நானோ விசாரித்தான். வள்ளென்று விழுந்தேன். பாவம்.

மே 6

இன்றும் இல்லை. ஆப் மட்டும் தவறாமல் கூப்பிடுகிறது: இன்றைய பாடத்தை மறந்துவிட்டீர்களாம்!

ஜூன் 9, திங்கள்

யுதெல்கா வீடியோவில் கேக் வெட்டினாள். போன மாதக் கடைசியில் நான் குடிமகளாக உறுதிமொழி எடுத்தபோது பிடித்திருந்த சின்னக் கொடியை இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். அப்புறம் பெருமையாக, "நானும் அந்த ஆப்பை இறக்கிட்டேம்மா, இப்பவே எம்பது மார்க்கு" என்றாள்.

"அதை மூடி வை. எதிர்வீட்டுல டோமினோ ஆடறாங்கல்ல, போய் உட்காரு."

யுதெல்கா வந்ததும் வேறு ஜோடி தேடிக்கொள்ளும்படி நானோவிடம் மெதுவாகச் சொல்ல வேண்டும்.